பேரு போடோணும், பூட்டு போடக்கூடாது

வாழவந்தி நாடு, கொல்லிமலை
22.01.2023

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை அம்சவேணி எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். பனி இறங்கும்போது அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மிளகுக்கொடியைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறாள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சத்தீஸ்கர் பக்கம் குளிர் ஆளைக் கொல்லுகிறது என்று முள்ளுக்குறிச்சியிலிருந்து அருணா அண்ணி சொன்னார்கள்.

பொங்கலன்று போன் செய்தேன். நான் ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்ல, கடைசியில் சண்டையில் முடிந்தது. அதற்குப் பிறகு நான்கு முறை கூப்பிட்டும் நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். இதிலாவது நான் சொல்வதை முழுசாகக் கேட்பீர்கள்.

இரண்டு வருஷமாக நான் வரைந்துகொண்டிருந்த படக்கதை முடிந்துவிட்டது. பேர் ‘எழுபது வளைவும் ஒரு பலாப்பழமும்’. மொத்தம் இருபத்து நான்கு படம். சோளக்காட்டுச் சந்தையில் கூடையிலிருந்து தப்பிய ஒரு பலாப்பழம் மலைப்பாதையில் உருண்டு ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆள் அதைத் துரத்தச் சேர்ந்துகொள்கிறார். பஸ் கண்டக்டரம்மா, கல்யாண மாப்பிள்ளை, போஸ்ட்மேன் என்று ஒரு பட்டாளமே ஓடிவருகிறது. எழுபதாவது வளைவில் பழம் வெடித்துவிடுகிறது. எல்லாரும் ரோட்டிலேயே உட்கார்ந்து சுளையைப் பங்கு போட்டுத் தின்கிறார்கள். எங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மூன்று முறை திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள்.

நீங்கள் சொன்னபடி சேலத்துப் பதிப்பகத்துக்கும் போய்வந்தேன். “படத்த மொத்தமா எங்களுக்கு எழுதிக் கொடுத்துருங்க. பேரு போடறது எங்க வழக்கமில்லீங்க” என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

நாமக்கல்லில் கோகிலவாணி என்று ஒரு அக்கா. குழந்தைகளுக்கான கதைகளை இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி போடுகிறார்கள். அதற்குத் திறந்த உரிமம் என்று ஒன்று இருக்கிறது; கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிறார்கள். என் படக்கதையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், வேறு மொழிக்கு மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் என் பேரைப் போட வேண்டும். மாற்றி வரைந்தால் மாற்றியதைச் சொல்ல வேண்டும், அதையும் இதே மாதிரி எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். “ஒருக்காக் கொடுத்துட்டா அப்பறம் வேண்டாம்னு திரும்ப வாங்க முடியாது, நல்லா யோசிச்சுக்கோ” என்று அக்கா மூன்று முறை சொன்னார்கள்.

யோசித்தேன். போன வாரம் கொடுத்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். போர்வெல் லாரியின் கம்ப்ரசர் பக்கத்திலேயே படுத்துத் தூங்காதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
அம்சவேணி


ராய்ப்பூர் ஏஜெண்ட் ஆபீஸ்
14.02.2023

அன்பு அம்சாவுக்கு, அண்ணன் அர்த்தனாரி எழுதுவது. இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிக்கு ராசிபுரம் கூட்டிப்போய்க் காட்டு. தள்ளிப்போடாதே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டு வருஷமாகப் போர்வெல் லாரியில் இருக்கிறேன். எந்தக் குழியில் வரும் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பட்டா யார் பேரில் இருக்கிறதோ, அவருக்கு. நீ உன் பட்டாவை நீயே கிழித்துப் போட்டுவிட்டு வந்து, யோசித்தேன் என்கிறாய்.

பேர் போட வேண்டுமாம். போடாவிட்டால் என்ன செய்வாய்? அங்கன்வாடி உதவியாளர் சம்பளத்தில் வக்கீல் வைப்பாயா? சின்ன வயதில் உன் கலர் பென்சிலைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவாய். நான்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வருவேன். இந்த முறை எந்த வீட்டுக்குப் போவது?

மேனேஜர் கூப்பிடுகிறார். இத்தோடு முடிக்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
அர்த்தனாரி


வாழவந்தி நாடு
16.07.2023

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கையின் வணக்கம்.

ராசிபுரத்தில் காட்டி மாத்திரை வாங்கினோம். அம்மா இப்போது நன்றாக நடக்கிறாள். உங்களுக்கு இருமல் என்று அண்ணி சொன்னார்கள். கல்தூள் உள்ளே போகாமல் முகத்தில் துணி கட்டிக்கொள்கிறீர்களா?

ஐந்து மாதம் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், ஒளிக்கவில்லை. இப்போது கோபம் போய்விட்டது. சொல்வதற்குச் சேதி நிறைய இருக்கிறது.

பலாப்பழம் ஓடத் தொடங்கிவிட்டது அண்ணா. இதுவரை பதினொரு மொழி. கேரளத்தில் ஒரு டீச்சர் மலையாளத்தில் போட்டிருக்கிறார். ஒரிசாவில் ஒரு நூலகம் கையால் தைத்து நாற்பது புத்தகம் செய்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஒரு ஊரில், அங்கேயும் பலாமரம் உண்டாம், பஸ்ஸுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் வரைந்து சேர்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் என் பேர். நான் ராசிபுரம் தாண்டி அதிகம் போனதில்லை. என் பேர் எங்கெங்கேயோ போய்விட்டது.

வருத்தமும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருவர் என் கண்டக்டரம்மாவுக்கு மீசை வைத்து ஆணாக மாற்றிவிட்டார். என் பிள்ளைக்கு யாரோ வேறு சட்டையைப் போட்டு, வேறு பேர் வைத்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கோகிலவாணி அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். அவர்கள் சமாதானம் சொல்லவில்லை. “ஆமா அம்சா, வலிக்கும். ஆனா இதுக்கும் சேத்துத்தான் நீ அனுமதி கொடுத்திருக்கே” என்றார்கள். இரண்டு நாள் எதையும் வரையவில்லை. மூன்றாம் நாள் கண்டக்டரம்மாவை மட்டும் வைத்து ஒரு புதுக் கதை ஆரம்பித்துவிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா வருகிறது. நீங்களும் வந்தால் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். போனை மட்டும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்? அண்ணியும் இதையேதான் கேட்கிறார்கள்.

அம்சவேணி


ராய்ப்பூர்
03.09.2023

அன்பு அம்சா, நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விழாவுக்கு வர லீவு கிடைக்கவில்லை. இருமல் பரவாயில்லை.

பதினொரு மொழி என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் பேர் வயிற்றை நிரப்பாது. நல்லவர்கள் கண்ணில் படுகிறவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கெட்டவன் ஒருத்தன் பார்த்தால் தெரியும்.

வேலை நடக்கிறது. எழுநூறு அடி போட்டும் தண்ணீர் வராமல் நேற்று ஒரு விவசாயி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேறு விசேஷமில்லை.

அர்த்தனாரி


வாழவந்தி நாடு
11.02.2024

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலமா?

நீங்கள் சொன்ன அந்த ஒருத்தன் பார்த்துவிட்டான்.

போன மாதம் செம்மேட்டில் ஒரு கடையில் குழந்தைகள் புத்தகம் ஒன்று தொங்கியது. அட்டையில் என் பலாப்பழம். உள்ளே என் இருபத்து நான்கு படமும் இருக்கிறது. கூடவே எழுத்துப் பயிற்சி, எண் பயிற்சி, புள்ளி சேர்த்து வரைவது என்று இன்னும் நாற்பது பக்கம் சேர்த்திருக்கிறார்கள். பெருநகரத்தில் ஒரு கம்பெனி போட்டது. வரைந்தவர் பேர் என்று யாரோ ஒருவர் பேர். கீழே ‘முதல் பதிப்பு ஆகஸ்ட் 2023. அனைத்து உரிமைகளும் எங்களுக்கே’ என்று அச்சடித்திருக்கிறது.

கோகிலவாணி அக்கா மரியாதையாகத்தான் அவர்களுக்கு எழுதினார்கள். பதிலுக்கு அவர்கள் நம் மேலேயே புகார் கொடுத்துவிட்டார்கள். நான்தான் அவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் திருடி இணையத்தில் போட்டேனாம். புகார் வந்தால் தீரும்வரை இறக்கிவைக்க வேண்டும் என்பது விதியாம். என் கதையை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரியிலேயே போட்டது என்று அக்கா காட்டினால், கம்பெனிக்காரர்கள் “கம்ப்யூட்டரில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மூலப்படம் இருந்தால் காட்டுங்கள்” என்கிறார்கள்.

மூலப்படம் இல்லை அண்ணா. போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, பெட்டியோடு ஊறி, எல்லாம் கூழாகிவிட்டது. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எத்தனையோ ஊரில் என் படம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

அங்கன்வாடிக்கு வந்த ஒரு அம்மா என்னிடமே கேட்டார்: “ஏனுங்க, அது நீங்க வரைஞ்சதில்லீங்களாமா?”

அம்சவேணி


வாழவந்தி நாடு
02.04.2024

அண்ணா, நலம்தானே?

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து எதுவும் இல்லை. அண்ணிக்குப் பணம் மட்டும் வந்ததாம். போனும் இல்லை, கடிதமும் இல்லை. நான் அப்போதே சொன்னேனே என்று திட்டுவதற்காகவாவது ஒரு வரி எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கண்டக்டரம்மா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். சாயம் காய்ந்துவிட்டது. கையில் தூரிகையை எடுத்தால், இதையும் எவனோ எடுத்துக்கொண்டு என்னைத் திருடி என்பானே என்றுதான் தோன்றுகிறது.

அம்மா உங்களைத் தினமும் கேட்கிறாள்.

அம்சவேணி


ஜஷ்பூர் மாவட்டம், சத்தீஸ்கர்
21.04.2024

என் அன்பு அம்சாவுக்கு,

முதலில் மன்னிப்பு. உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்ததும் இரண்டு முறை பதில் எழுதினேன். இரண்டிலும் நான் சொன்னது நடந்துவிட்டது என்றுதான் பேனா ஓடியது. கிழித்துப் போட்டேன். பிறகு வண்டி காட்டுப் பக்கம் வந்துவிட்டது. உன் ஏப்ரல் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஒரு பள்ளிக்கூடத்தில் போர் போட வந்தோம். காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுக்க மலை. மலையில் வளைவு வளைவாக ரோடு. ரோட்டில் ஒரு பலாப்பழம். அதன் பின்னால் சாக்கைக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு, இடது கையில் அரிவாளோடு ஓடிவருகிற பெண். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். இடது கையில் அரிவாள் பிடிக்கிற நம் அம்மாவை எனக்குத் தெரியாதா? ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் நம் அம்மா சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறாள் அம்சா.

இறங்கிக் கிட்டே போனேன். படத்துக்குக் கீழே இந்தி எழுத்து. அதற்கும் கீழே, எழுதத் தெரியாதவர்கள் பார்த்துப் பார்த்து வரைந்த மாதிரி கோணல் மாணலாக, தமிழில்: அம்சவேணி, கொல்லிமலை. பக்கத்தில் தேதி, 9 ஏப்ரல் 2023.

ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார். “என் தங்கச்சி, என் தங்கச்சி” என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நம்பவில்லை. உன் பிப்ரவரிக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கையெழுத்தைக் காட்டினேன். சுவரில் இருக்கிற அதே பேர். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பேருக்காகவே தமிழ் எழுத்தை அப்படியே பார்த்து எழுதினார்களாம். உரிமத்தில் பேர் போடச் சொல்லியிருக்கிறது, நாங்கள் தப்பாகப் போடக்கூடாது என்றார்.

பிறகு பிள்ளைகள் உன் கதையைச் சொல்லிக் காட்டினார்கள். கையால்தான். ஒரு பெண் முஷ்டியை உருட்டி, தோளிலிருந்து வளைத்து வளைத்துக் கீழே இறக்கினாள். இன்னொருத்தி கண்டக்டரம்மாவாக விசில் ஊதினாள், சத்தமே இல்லாமல். கடைசியில் பழம் வெடித்தது. இருபது கை ஒரே நேரத்தில் விரிந்தது. எனக்கு ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. எல்லாம் புரிந்தது.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. என் இடது காது போய் ஒன்றரை வருஷம் ஆகிறது அம்சா. வலது காது பாதி. கம்ப்ரசர் சத்தம்தான். போனில் நீங்கள் பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். கேட்காததைக் கேட்ட மாதிரி எதையாவது சொல்வேன், அது சண்டையாகும். அதனால் எடுக்காமல் விட்டேன். வெளியே தெரிந்தால் டிரில்லர் வேலை போய்விடும் என்று பயம். அருணாவிடமும் சொல்லவில்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு கதையை முழுசாக, சந்தேகமில்லாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான். அது உன் கதை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இந்தச் சுவர் போன வருஷம் ஏப்ரலில் வரைந்தது. உன் கம்பெனிக்காரன் புத்தகம் ஆகஸ்டில் வந்தது. பள்ளிக்கூடத்தில் உன் புத்தகம் அச்சில் இருக்கிறது, நூலகப் பதிவேட்டில் மார்ச் 27 என்று ஏறியிருக்கிறது. கம்ப்யூட்டரில் தேதியை மாற்றலாம். மசியில் எழுதிய பதிவேட்டை எப்படி மாற்றுவான்? ஒரு பள்ளிக்கூடத்திலேயே இவ்வளவு என்றால், நீ கொடுத்த மற்ற ஊரில் எல்லாம் என்னென்ன இருக்கும்? எல்லாரையும் கேள். கோகிலவாணியிடம் சொல்லி எல்லாரையும் கேள்.

நான் பட்டா என்றேன். நான் சொன்னது தப்பு. உன் பட்டா ஊரெல்லாம் சுவரில் எழுதியிருக்கிறது.

அம்மாவிடம் காதைப் பற்றி மெதுவாகச் சொல். அருணாவுக்கு நானே எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
அர்த்தனாரி


வாழவந்தி நாடு
11.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரில் தான் ஓடுவதைக் கேட்டுச் சிரித்தவள், காதைப் பற்றிய இடம் வந்ததும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, “என்ற பையன எத்தன தடவ போன்ல கத்தியிருப்பேன் சாமி. அவனுக்குக் கேக்கலீன்னு தெரியாமப் போச்சே” என்றாள். நானும்தான் கத்தினேன் அண்ணா. தெரியாமல் செய்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காதைக் காட்ட ராய்ப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலையைப் பிறகு பார்க்கலாம். அண்ணியும் நானும் பேசிவிட்டோம், இதில் உங்கள் பேச்சு எடுபடாது.

கோகிலவாணி அக்கா உங்கள் யோசனையைக் கேட்டதும் அன்றைக்கே பதினொரு மொழிக்காரர்களுக்கும் எழுதினார்கள். அவர்கள் தங்களிடமிருந்து எடுத்தவர்களுக்கு எழுத, இப்போது தினமும் வருகிறது. தபால் முத்திரையோடு புத்தகம், பள்ளி ஆண்டு விழாப் போட்டோ, உள்ளூர்ப் பேப்பரில் வந்த துண்டு. இதுவரை இருநூற்றுப் பதினான்கு. அத்தனையும் 2023 ஆகஸ்டுக்கு முந்தினவை. பதினொன்று என்று நினைத்திருந்தேன், இருபத்து மூன்று மொழியாம். எனக்கே தெரியாமல் எத்தனை பிள்ளைகள்!

கண்டக்டரம்மாவுக்கு மீசை வைத்தாரே, அவரிடமிருந்துதான் முதல் பார்சல் வந்தது. தன் செலவில், நோட்டரி கையெழுத்தோடு. ‘உங்கள் படத்தை மாற்றினேன், உங்கள் பேரை மாற்றவில்லை’ என்று எழுதியிருந்தார்.

சேலத்தில் அருள்மொழி என்று ஒரு வக்கீலம்மா கேஸை எடுத்திருக்கிறார்கள். ஜூன் 12 கம்பெனிக்காரர்கள் பேச வருகிறார்கள்.

அம்சவேணி


ஜஷ்பூர்
27.05.2024

அம்சா, நலம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷின் வைத்தால் வலது காது நன்றாகக் கேட்கும் என்றார்கள். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். விரட்டுவார் என்று நினைத்தேன். “மொதல்லயே சொல்லக்கூடாதாப்பா” என்று, தண்ணீர் இருக்கிற பாயிண்ட் பார்த்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். இனி கம்ப்ரசர் பக்கம் போக வேண்டியதில்லை.

இத்துடன் பள்ளிக்கூடத்துப் புத்தகம், பதிவேட்டுப் பக்கத்தின் நகல், ஹெட்மாஸ்டரின் முத்திரை வைத்த கடிதம், சுவர்ப் போட்டோ. ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். 12ஆம் தேதி எனக்கு வர முடியாது. மெஷின் பொருத்துகிற நாள் அது. ஆனால் மேஜை மேல் இது இருக்கட்டும்.

பயப்படாமல் பேசு கண்ணு.

அர்த்தனாரி


வாழவந்தி நாடு
18.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம், என் வணக்கம். மெஷின் பழகிவிட்டதா? காது வலித்தால் உடனே போய்க் காட்டுங்கள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வக்கீலம்மா ஆபீசில் நீளமான மேஜை. நானும் கோகிலவாணி அக்காவும் காலையிலேயே போய், வந்த புத்தகங்களையெல்லாம் பரப்பி வைத்தோம். மேஜை போதாமல் நாற்காலிகளிலும், ஜன்னல் திண்டிலும், பீரோ மேலும் வைத்தோம். நடுவில் உங்கள் ஜஷ்பூர்ப் புத்தகம். கம்பெனி மேனேஜரும் அவர்கள் வக்கீலும் வந்து உட்கார இடமில்லாமல் நின்றார்கள்.

அந்த வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைப் பார்த்தார். பத்தாவது புத்தகத்துக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். மேனேஜர் பக்கம் திரும்பி, “இதையெல்லாம் முன்னாடியே ஏன் சொல்லல?” என்றார். மேனேஜர் யாரோ ஏஜெண்டிடம் படம் வாங்கினோம், அவன் ஏமாற்றிவிட்டான் என்றார். அது நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது.

பிறகு அந்த மேனேஜர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார் அண்ணா. இத்தனை நாளாக நீங்களும் ஊரும் கேட்ட அதே கேள்விதான்.

“ஏம்மா, இத்தன பேருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டீங்க. அவங்க எல்லாரும் எடுக்கலாம், நாங்க மட்டும் எடுக்கக் கூடாதா?”

பதில் எங்கேயும் தேடாமல் வந்தது.

“நீங்களும் எடுக்கலாமுங்க. அப்பவும் எடுத்திருக்கலாம், இப்பவும் எடுத்துக்கலாம். விக்கறதுன்னா வித்துக்குங்க, எனக்கு ஒண்ணுமில்ல. பேரு போடோணும், பூட்டு போடக்கூடாது. நான் கேக்கறது அவ்வளவுதானுங்க. அதையும் ஜஷ்பூர்ல சின்னப் பிள்ளைக செஞ்சிருக்குதுங்க, பாருங்க.”

உங்கள் போட்டோவில் கோணல் மாணலாக இருக்கிற என் பேரை அவர் முன்னால் தள்ளி வைத்தேன்.

அவர்கள் வக்கீல் கடைசியாக ஒரு வழி சொன்னார். கதையின் முழு உரிமையையும் நல்ல விலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். “எழுதிக் கொடுக்கறதுக்கு அது இப்ப என்கிட்ட மட்டும் இல்லீங்களே. இவங்க அத்தன பேருகிட்டயும் இருக்குது” என்று மேஜையைக் காட்டினேன். அருள்மொழி அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள்.

சாயந்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். புகாரைத் திரும்பப் பெறுவார்கள். கடையில் இருக்கிற புத்தகத்தில் என் பேரை ஒட்டுவார்கள். பேப்பரில் மன்னிப்பு வரும். அதோடு, என் படங்களைச் சுற்றி அவர்கள் சேர்த்த நாற்பது பக்கப் பயிற்சியும் அதே உரிமத்தில் திறக்கப்படும். யாரும் இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம். பயிற்சிப் பக்கங்கள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன அண்ணா. வரைந்து கொடுத்தவர்களின் பேரையும் போட வேண்டும் என்று நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

நேற்று என் கதை இணையதளத்தில் திரும்ப ஏறிவிட்டது. இன்று காலை அங்கன்வாடியில் நுழைந்ததும் அந்த அம்மா, அன்றைக்குக் கேட்டாரே அவர்தான், மன்னிப்பு வந்த பேப்பரைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். “நம்மூட்டுப் புள்ள செயிச்சுட்டா” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம். பிள்ளைகளுக்கு எல்லாம் தேன்மிட்டாய்.

புதுச் சாயம் வாங்கியிருக்கிறேன். கண்டக்டரம்மா மறுபடியும் பஸ் ஏறிவிட்டாள். இதையும் திறந்துதான் விடப்போகிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்.

தங்கை,
அம்சவேணி


ஜஷ்பூர்
20.07.2024

வெற்றி பெற்று வந்த என் அன்புத் தங்கைக்கு, அண்ணன் அர்த்தனாரி எழுதுவது.

அம்மாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும். நேற்று அம்மாவின் குரலைப் போனில் நானே கேட்டேனே. “ஏஞ்சாமி, சோறு தின்னியா?” என்று கேட்டாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இந்த முறை கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

போனிலேயே எல்லாம் பேசிவிட்டோம், ஆனாலும் இந்தச் சேதியைச் சொல்லக் கடிதம்தான் வேண்டியிருந்தது. முந்தாநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாங்கள் போட்ட குழியில் தண்ணீர் நன்றாக வருகிறது. பிள்ளைகள் குழாயடியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ ஜெயித்ததை ஹெட்மாஸ்டர் கையால் சொன்னார். பிள்ளைகள் கை தட்டவில்லை. அவர்கள் வழக்கம் வேறு. இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அறை முழுக்கக் காற்றில் இலை அசைகிற மாதிரி இருந்தது.

பிறகு என்னை உட்கார வைத்துவிட்டு, அவர்களுக்குள் நெடுநேரம் கையால் விவாதம் செய்தார்கள். என்ன என்று கேட்டேன். ஹெட்மாஸ்டர் சொன்னார்: இவர்களுக்கு வேண்டிய ஒவ்வொருவருக்கும் கையால் காட்டுகிற ஒரு பேர் உண்டு. வாயால் சொல்கிற பேரை எழுத்தெழுத்தாகக் காட்டுவது வெளியாளுக்கு. தங்களில் ஒருவர் என்று ஆகிவிட்டால் இவர்களே ஒரு பேர் வைப்பார்கள், வேறு யாரும் வைக்க முடியாது. உங்கள் தங்கைக்கு என்ன பேர் என்பதில்தான் இப்போது சண்டை.

கடைசியில் முடிவு செய்தார்கள். எழுதிப் பார்க்கிறேன், நீயும் அம்மாவும் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையை விரித்து வை. வலது கையின் இரண்டு விரலைச் சேர்த்து, அதில் தூரிகை மாதிரி ஒரு கோடு இழு. பிறகு அந்த விரல்கள் உள்ளங்கையை விட்டுக் கிளம்பி, முழங்கையில் ஏறி, வளைந்து வளைந்து தோள்வரை போக வேண்டும். அவ்வளவுதான். இருபது பிள்ளைகளும் ஒன்றாகச் செய்து காட்டினார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று முறை தப்பாகச் செய்தேன், திருத்தினார்கள்.

அம்சா, அதுதான் நீ.

என் சம்மதத்தைக் கேட்டிருந்தாய்; திறந்தே விடு. தீபாவளிக்கு வருகிறேன். வாசலில் நின்று உன்னைக் கையால் கூப்பிடுவேன், திரும்பிப் பார்.

அண்ணன்,
அர்த்தனாரி